வாசிப்பு ஆசிரியருக்கான முதுநிலை டிப்ளமோ: பெங்களூரு அல்சூர் தமிழ் டீச்சருக்கு உதவுமா?

பி.எட். முடித்தவருக்குப் பாடம் நடத்தத் தெரியும். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டித் திணறும் பிள்ளை எங்கே இடறுகிறது என்று கண்டுபிடிக்கத்தான் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பெங்களூரில் சனி, ஞாயிறுகளில் நடக்கும் இந்த ஓராண்டுப் படிப்பு அதைத்தான் கற்றுத் தருகிறது. கட்டணத்துக்கு ஈடானது அந்தப் பகுதிதான்.

அதன் உயிர், ரன்னிங் ரெக்கார்ட்: பிள்ளை வாசிக்க வாசிக்கச் சொல்லுக்குச் சொல் குறித்துக்கொள்ளும் முறை. பிள்ளை முன்பு பார்த்திராத நூறு சொல் பத்தியை வாய்விட்டு வாசிக்க வேண்டும். ஆசிரியர் கையில் அதே பத்தி இருக்கும். சரியாக வாசித்த சொல்லுக்கு ஒரு டிக், தவறினால் பிள்ளை சொன்னதை அப்படியே மேலே எழுத வேண்டும், விட்டுவிட்டால் ஒரு கோடு. தானே திருத்திக்கொண்டால் அது பிழைக்கணக்கில் வராது. சரியாக வாசித்த சொற்கள் 95 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் தனியாக வாசிக்கலாம், 90 முதல் 94 வரை என்றால் கூட இருந்து கற்பிக்கலாம், அதற்கும் கீழே போனால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

தமிழுக்கு வந்ததும் இந்தக் கணக்கு இடிக்கிறது. 'வந்தார்கள்' என்று அச்சில் இருப்பதைப் பிள்ளை 'வந்தாங்க' என்று வாசிக்கிறது. எழுத்து தெரியாமல் இல்லை. படித்ததைத் தன் பேச்சுக்கு மாற்றிச் சொல்கிறது, அவ்வளவுதான். பயிற்சியில் தரும் படிவமோ இதையும் பிழை என்கிறது. உண்மையான பிழை 4, பேச்சு வடிவம் 8 என்றால், ஒரே பிள்ளைக்குப் படிவப்படி 88, நியாயப்படி 96. முன்னதை நம்பினால் நன்றாக வாசிக்கிற பிள்ளையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிவிடுவோம். பேச்சு வடிவத்துக்கென்று ஓரத்தில் தனிக் கட்டம் போட்டுக்கொள்வதே வழி.

ஆங்கில ஃபோனிக்ஸுக்கு, அதாவது எழுத்தை ஒலியோடு இணைத்து வாசிக்கக் கற்பிக்கும் முறைக்கு, தேவைக்கு மேல் வகுப்புகள். கன்னட எழுத்துக் கற்றலைப் பற்றி சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பாடத்தில் சேர்த்திருப்பது நல்ல விஷயம்: எழுத்துகள் ஏராளமாக இருப்பதால் அவை வசப்பட முதல் இரண்டு ஆண்டுகள் போதாது என்பது தமிழின் 247க்கும் பாடம்தான். ஆனால் கன்னட உதாரணங்களை அப்படியே தமிழுக்குத் தூக்கி வைக்க முடியாது. அங்கே இரண்டு மெய் சேர்ந்தால் இரண்டாவது, ஒத்தெழுத்தாக அடியில் தொங்கும், இங்கே மெய்யின் மேல் புள்ளி. அங்கே ka, ga இரண்டுக்கும் தனி எழுத்து உண்டு. இங்கே பக்கம், தங்கம், அகம் மூன்றிலும் ஒரே 'க', ஒலியோ மூன்று விதம். 'கொ'வில் குறி இருபுறமும் நிற்பதால் பிள்ளை அதைக் 'கெ' என்று பாதியில் நிறுத்திவிடுகிறது. இவற்றைப் பயிற்சி தொடவே இல்லை. பெரிய குறை.

சேரும் முன் கேளுங்கள்: ஒரே பிள்ளையோடு எத்தனை வாரம் பயிற்சி? பக்கத்தில் இருந்து கவனித்துத் திருத்துபவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா? தெரியாது என்றால், பிள்ளை வாசிப்பதைச் செல்போனில் பதிவுசெய்து, தமிழ் தெரிந்த இன்னொரு ஆசிரியரையும் தனியாகக் குறிக்கச் சொல்லி, இரண்டு தாளையும் ஒப்பிட்ட பிறகு சமர்ப்பியுங்கள்.