பிப்த் வீல் தட்டை மாற்றுவதா, பழையதையே சரி செய்வதா?

திருகோணமலையிலிருந்து மாவு, சிமெந்து, எண்ணெய், கொன்டெய்னர் என்று எதை இழுத்துக்கொண்டு போனாலும் எல்லா இழுவையும் கடைசியில் ட்ரெய்லரின் அடியில் நிற்கிற இரண்டு அங்குல ஆணியான கிங் பின்னிலும் அதைக் கவ்விப் பிடிக்கிற பூட்டிலும்தான் தொங்குகிறது. அந்தப் பூட்டு இருப்பது பிரைம் மூவரின், அதாவது இழுக்கிற வண்டியின், முதுகில் பூட்டிய பிப்த் வீல் தட்டில். ட்ரெய்லரின் முன்பக்கம் அந்தத் தட்டின் மேல்தான் உட்காரும். அந்த இடத்தில் ஆட்டம் விழுந்தால் ஓட்டுகிறவருக்கு உடனே தெரியும். கந்தளாய் சந்தியில் நின்று எடுக்கும்போது முதுகில் 'டக்' என்று ஒரு அடி, பிரேக்கை மிதித்தால் இன்னொரு அடி. அடுத்த நாள் கராஜில் பேச்சு ஒன்றுதான்: தட்டு போய்விட்டது, இதைவிடப் பெரிய தட்டாகப் பார்த்துப் போடுவோம்.

பெரிய தட்டு தேவையா என்பதை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் காசு அதிகம் வீணாவது அங்கேதான். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் D என்று ஒரு எண்ணும் U என்று ஒரு எண்ணும் அடித்திருப்பார்கள். U என்பது தட்டின் மேலே எவ்வளவு பாரம் உட்காரலாம் என்பது, D என்பது இழுவையை எவ்வளவு தாங்கும் என்பது. கணக்கு பெரிய வித்தையில்லை. பிரைம் மூவரின் மொத்த எடையையும் (தட்டின் மேல் வரும் பாரத்தையும் சேர்த்து) ட்ரெய்லரின் மொத்த எடையையும் பெருக்கி, அதை 0.6 ஆலும் 9.81 ஆலும் பெருக்கி, முழு வண்டியின் எடையால் வகுக்க வேண்டும். பிரைம் மூவர் 17 டன், ட்ரெய்லர் 33 டன், அதில் 10 டன் தட்டின் மேல் என்று வைத்தால் அந்த 10 டன் இரண்டு கணக்கிலும் வருவதால் அதை ஒரு தரம் கழிக்க, ரோட்டில் நிற்கிற மொத்த எடை 40 டன். விடை கிட்டத்தட்ட 82.5 கிலோநியூட்டன். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற நல்ல இரண்டு அங்குலத் தட்டுகளில் D 150 அளவிலும் U 20 டன் என்றும் அடித்திருக்கும். அப்படியென்றால் நம் பாரத்துக்கு சாதாரணத் தட்டே ஏறக்குறைய இரண்டு மடங்கு பலமானது. முதுகில் விழுகிற அடி பலம் போதாமல் வருவதில்லை, தேய்மானத்தால் வருவது. பெரிய தட்டைப் போட்டாலும் தேய்ந்த பிறகு அதே மாதிரித்தான் ஆடும்.

கிண்ணியாவில் ஒரு கராஜ் நானா இதை என்னிடம் ஒரே வரியில் சொன்னார்: "தம்பி, தட்டுல ஒன்டுமில்ல, முதல்ல கிங் பின்ன அளந்து பாருங்க." அளக்கிறது என்றால் கிறீஸை வழித்து, மண்ணெண்ணெயால் துடைத்து, பின்னின் உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு வேர்னியர் என்கிற நுணுக்க அளவுகோல் வைத்து அளக்கிறது. பூட்டுக் கவ்வுகிற இடுப்புப் பகுதி புதிதில் 50.8 மில்லிமீற்றர். 49 ஆகிவிட்டால் பின்னை மாற்ற வேண்டும். அதற்கு மேலே இருக்கிற தடித்த பகுதி புதிதில் 73, அது 71க்கு வந்தால் முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் அளந்துவிட்டு எழும்பக் கூடாது. இழுவையும் பிரேக்கும் முன்னுக்கும் பின்னுக்கும்தான் தேய்க்கும், ஆகவே பின் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தேய்ந்திருக்கும். குறுக்கே அளந்தால் 50.5 என்று காட்டுகிற அதே பின், நீளவாக்கில் 49க்குக் கீழே நிற்கலாம்.

பின் தேய்ந்திருந்தால் அதன் மேல் வெல்டிங் பிடித்துக் கடைந்து கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். கிங் பின் சூட்டுப் பதப்படுத்திய உருக்கு, வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும், பிறகு வெடிப்பு எங்கே தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. போல்ட் பூட்டுகிற வகைப் பின் என்றால் கழற்றிப் புதியதைப் பூட்டலாம், வெல்டிங் வகை என்றால் வெட்டி எடுக்க வேண்டும். வெட்டத்தான் வேண்டும் என்று வந்துவிட்டால், அடுத்த முறை சுலபமாக இருக்கட்டும் என்று போல்ட் வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்பேன்.

சரி, பின் நல்லது, ஆட்டம் தட்டில்தான் என்று வந்துவிட்டது. இப்போது முன்னால் இருப்பவை: பழைய தட்டுக்கு ரிப்பேர் கிட், ஜப்பான் ரிகண்டிஷன் தட்டு, ஒரே இடத்தில் நிற்கிற புதிய நிலைத்தட்டு, நகர்த்தக்கூடிய ஸ்லைடர், கிறீஸ் தேவைப்படாத லைனர் தட்டு.

கிட் என்பது பூட்டுத் தாடை, தேய்வு வளையம், ஸ்பிரிங், புஷ் கொண்ட ஒரு பெட்டி. தட்டின் உடம்பு நன்றாக இருந்தால் இதுதான் மலிவு, இதுதான் என் முதல் தெரிவும். ஆனால் கிட் அந்தத் தட்டின் மாடலுக்கே உரியதாக இருக்க வேண்டும், 'கிட்டத்தட்டப் பொருந்தும்' என்று கடைக்காரர் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். மேல் முகத்தில் வெடிப்பு, தட்டு மேலும் கீழும் ஆடுவதற்கு அச்சாணி போகிற பிவட் காதுகளில் ஓட்டை பெருத்தல், முன் விளிம்பு வளைவு, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கிட்டுக்குக் காசு போடுவது பிரயோசனமில்லை.

கிட்டையும் ரிகண்டிஷன் தட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பலருக்கு ரிகண்டிஷன்தான் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறது, கறுப்புப் பெயின்ட் அடித்துப் புதுசு மாதிரி இருக்கும். எனக்கு அந்தப் பெயின்ட்தான் சந்தேகம். உங்கள் பழைய தட்டு எங்கே ஓடியது, எத்தனை தரம் உயரம் பிழைத்து இடிபட்டது என்று உங்களுக்குத் தெரியும். மற்றத் தட்டின் வரலாறு உங்களுக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. வாங்கத்தான் வேண்டும் என்றால் பெயின்ட்டைச் சுரண்டி, சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பவுடர் அடித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும்பி வரும். இந்த ஸ்பிரே டப்பாக்கள் வெல்டிங் சாமான் கடைகளில் கிடைக்கும். வார்ப்புத் தட்டில் பழைய வெல்டிங் தழும்பு ஒன்று கண்ணில் பட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தகடு மடித்துச் செய்த தட்டுக்கு வெல்டிங் அதன் பிறப்பிலேயே இருக்கிறது, அது வேறு கதை. கிட்டுக்கும் புதிய தட்டுக்கும் விலை வித்தியாசம் சின்னதென்றால் புதிய தட்டு, பெரிதென்றால் கிட்டும் நம் பழைய தட்டும். நடுவில் ரிகண்டிஷனுக்கு நான் இடமே கொடுப்பதில்லை, ஒரே ஒரு விலக்கு: ஓடாத வண்டியொன்றைக் கண் முன்னாலேயே கழற்றி, பெயின்ட் அடிக்காமல் தருகிறார்கள் என்றால்.

இனி, புதியது வாங்க முடிவெடுத்தவர் நிலைத்தட்டா ஸ்லைடரா என்று மண்டையைப் போட்டு உடைப்பார். ஸ்லைடர் என்றால் தட்டு தண்டவாளத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் நகரும். நகர்த்தி என்ன ஆதாயம் என்றால், பாரத்தை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பங்கு போடலாம். பிரைம் மூவரின் இரு அச்சுக்கும் இடையில் 3.5 மீற்றர் என்று வையுங்கள். தட்டு பின் அச்சுக்கு 50 சென்ரிமீற்றர் முன்னால், மேலே 10 டன். முன் அச்சுக்குப் போவது 1.43 டன், மிச்சம் 8.57 பின்னுக்கு. தட்டை இன்னும் 20 சென்ரிமீற்றர் முன்னுக்குத் தள்ளினால் முன்னுக்கு 2 டன், பின்னுக்கு 8. ஒரு சாண் நகர்த்தலுக்கு அரை டன்னுக்கும் மேல் இடம் மாறுகிறது. மாரி மழையில் ஹபரணைப் பக்கம் ஸ்டியரிங் லேசாக மிதக்கிற வண்டிகளில் பல, தட்டு தேவைக்கு மேல் பின்னுக்குப் பூட்டிய வண்டிகள்தான். தட்டின் நடு பின் அச்சுக்குப் பின்னால் போய்விட்டாலோ முன் சக்கரங்களிலிருந்து பாரத்தைத் தூக்கவே தொடங்கிவிடும், அதை எந்த விலைக்கும் ஓட்டக் கூடாது.

இதெல்லாம் ஸ்லைடருக்குச் சாதகம்போலத் தெரியும். ஆனால் சீனக்குடாவில் ஒரே அளவு ட்ரெய்லரை ஒரே சாமானுக்கு இழுக்கிறவருக்கு, தட்டைச் சரியான இடத்தில் ஒரு தரம் அளந்து பூட்டினால் போதும். ஸ்லைடரின் தண்டவாளமும் பூட்டு ஆணிகளும் அவருக்குச் சும்மா சுமக்கிற இரும்பு. அந்த எடை ஏற்றுகிற சாமானில் கழியும். உப்புக் காற்று வேறு. உள் துறைமுகப் பக்கம் இரவெல்லாம் நிற்கிற வண்டியில், ஸ்லைடரை மாதக் கணக்கில் நகர்த்தாமல் விட்டால் ஆணிகள் துருவில் இறுகிவிடும், பிறகு நகர்த்த வேண்டிய நாளில் சுத்தியலும் டோர்ச் நெருப்பும் தேவைப்படும். இன்றைக்கு 20 அடிக் கொன்டெய்னர், நாளைக்கு 40 அடி, அடுத்த கிழமை எண்ணெய் பவுசர் என்று யார் கூப்பிட்டாலும் போகிறவருக்கு மட்டும் ஸ்லைடர் தன் விலையைத் திருப்பித் தரும். அவரும் வாங்குவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: தட்டு முழுக்க முன்னுக்குப் போனபோது, வளைவில் ட்ரெய்லரின் முன் மூலை கபினின் முதுகில் உரசாமல் திரும்புமா என்று.

லைனர் தட்டைப் பற்றிக் கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். மேல் முகத்தில் கடினமான பிளாஸ்டிக் துண்டுகள், கிறீஸ் பூச வேண்டாம், உடுப்பில் கறுப்பு ஒட்டாது. மணலைப் பொறுத்தவரை இது உண்மையில் நல்ல யோசனை. புல்மோட்டைக் கரையோர மணலில் இல்மனைட், ரூட்டைல், சேர்க்கோன் என்ற கனிமங்கள் எல்லாம் கலந்து கிடக்கிறது, சேர்க்கோன் சாதாரண இரும்பைவிடக் கடினம். அந்தத் தூசி கிறீஸில் ஒட்டினால் கிறீஸ் காப்பாற்றுகிற வேலையை விட்டுவிட்டு அரத்தின் வேலையைச் செய்யும். குச்சவெளி தாண்டி ஓடுகிறவர்கள் பழைய கிறீஸின் மேலேயே புதிய கிறீஸை அப்பாமல், முழுக்க வழித்து எடுத்துவிட்டுப் பூச வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். லைனரில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் ட்ரெய்லரின் அடித்தட்டு கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். வெல்டிங் மொட்டு, பள்ளம், மடிந்த விளிம்பு உள்ள ட்ரெய்லர் ஒன்று ஏறினால் லைனரை அன்றைக்கே சீவி எடுத்துவிடும். சொந்த ட்ரெய்லரை மட்டும் இழுக்கிறவர் போடலாம். யார் யாருடைய ட்ரெய்லரையோ கொழுவுகிறவருக்குக் கிறீஸ் தட்டுதான் சரி. பூட்டுத் தாடைக்கு லைனர் தட்டிலும் பெரும்பாலும் கிறீஸ் வேண்டும் என்பதை விற்கிறவர்கள் கடைசியில்தான் சொல்வார்கள்.

ட்ரெய்லர் மாற்றி மாற்றி இழுப்பவர்களுக்கு இன்னொன்று. சில தட்டுகளில் பூட்டின் இறுக்கத்தைச் சரி செய்ய ஒரு திருகு இருக்கும். தேய்ந்த கிங் பின் உள்ள ட்ரெய்லரைக் கொழுவிவிட்டு, ஆட்டம் போகும்வரை அந்தத் திருகை இறுக்கினால் அன்றைக்கு வண்டி அமைதியாக ஓடும். மறுநாள் புதிய பின் உள்ள ட்ரெய்லரைக் கொழுவினால் பூட்டு முழுதாக மூடாமல் நிற்கும். புதிய பின்னை வைத்துத்தான் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். சீனப் பிரைம் மூவர்களில் 50 பின்னுக்கான தட்டும் வரும், 90 பின்னுக்கான தட்டும் வரும், அதாவது இரண்டு அங்குலமும் மூன்றரை அங்குலமும். 90 பூட்டுக்குள் 50 பின் போனால் அது கொழுவியதே இல்லை. இரண்டுக்கும் மாற்றக்கூடிய தட்டுகள் இருக்கின்றன, இங்கே ஓடுகிறவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. உயரம்தான் அதைவிட அடிக்கடி பிழைக்கிறது: தட்டுகள் 150 மில்லிமீற்றரிலிருந்து 300 வரை பல உயரத்தில் வருகின்றன, பழையதை அளக்காமல் வாங்கினால் ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அல்லது குனிந்து நிற்கும், பின் அச்சுகளின் டயர் ஒழுங்கில்லாமல் தேயும். கொழுவப் போகும்போது ட்ரெய்லரின் அடித்தட்டு, பிப்த் வீல் தட்டைவிட ஒரு கொஞ்சம் தாழ்வாக நின்று, தட்டு அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ட்ரெய்லர் உயர்ந்து நின்றால் கிங் பின் பூட்டுக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிடும், கைபிடி மூடிய மாதிரியும் காட்டும். டோர்ச் அடித்துக் கீழே குனிந்து, தட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியாமல் ஒட்டியிருக்கிறதா, தாடை பின்னின் இடுப்பைச் சுற்றி மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஊன்றுகாலைத் தூக்க வேண்டும். காற்றில் திறக்கிற பூட்டு, கபினில் விளக்கு எரிகிற சென்சர் எல்லாம் கூடுதல் வசதிதான், அதை வாங்கினாலும் இந்தக் குனிதல் போகாது.

பூட்டுகிற வேலையில் கஞ்சத்தனம் பார்க்கிற இடம் போல்ட். புதிய தட்டை வாங்கிவிட்டுப் பழைய போல்ட்களைத் துடைத்துத் திரும்பப் போடுகிறார்கள். தட்டின் கையேடு சொல்கிற தரத்தில் புதிய போல்ட், தலையில் 8.8 அல்லது 10.9 என்று அடித்தது, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டோர்க் ஸ்பனரால் இறுக்கியது, இதற்குக் குறைவாக ஒத்துக்கொள்ளாதீர்கள். தட்டுக்கும் செசிக்கும் இடையில் இடைவெளி வந்தால் வொஷர் அடுக்கி நிரப்பவும் விடாதீர்கள், சரியான தடிப்பில் வெட்டிய ஒரே தகடு வைக்கச் சொல்லுங்கள். முதல் பாரத்தோடு கொழும்புக்குப் போய் வந்ததும் கராஜுக்குள் விட்டு எல்லாப் போல்ட்டையும் மறுபடி டோர்க் ஸ்பனரால் தொட்டுப் பாருங்கள், பெயின்ட்டும் துருவும் நசுங்கி ஒன்றிரண்டு கட்டாயம் கொஞ்சம் திரும்பும்.