கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளி: ஜெபம் முடிந்த பிறகு என்ன நடக்கிறது?

காலையில் ஒரு ஜெபம், ஒரு பாட்டு, ஒரு மனப்பாட வசனம். இது எந்தக் கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளியிலும் இருக்கும். ஜெபம் முடிந்து பிள்ளைகள் உட்கார்ந்ததும்தான் வித்தியாசம் தெரியும். பள்ளியைப் பார்க்கப் போகிறவர்களிடம் நான் ஒன்றைத்தான் கவனிக்கச் சொல்வேன்: அந்த வகுப்பறையில் யார் அதிகம் பேசுகிறார்கள்?

அதிகம் காணப்படுவது, அரசுப் பாடத்திட்டத்தோடு வேதபாட வகுப்பையும் சேர்த்துக்கொள்ளும் முறை. மொழி, கணக்கு, அறிவியல் எல்லாம் மற்றப் பள்ளிகளில் உள்ளதுதான். பிள்ளை நடுவில் வேறு பள்ளிக்கு மாறினாலும் தடுமாறாது. பேசுவது பெரும்பாலும் ஆசிரியர். ஒரே ஒரு சிக்கல்: தேர்வு நெருங்கினால் கணக்கு டீச்சர் முதலில் கடன் கேட்பது வேதபாட வகுப்பைத்தான். அந்தக் கடன் திரும்பி வருவதும் இல்லை.

இதற்கு நேர் எதிர் ஏசிஇ, அதாவது ஆக்சிலரேட்டட் கிறிஸ்டியன் எஜுகேஷன். 1970-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் டொனால்ட் ஹோவர்டும் அவர் மனைவி எஸ்தரும் தொடங்கியது. இங்கே பாடநூலுக்குப் பதில் ‘பேஸ்’ என்ற சிறு பயிற்சிப் புத்தகங்கள். ஒரு பாடத்துக்கு ஒரு நிலையில் 12. சேரும்போதே ஒரு சோதனை வைத்து, பிள்ளைக்கு எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குகிறார்கள். வயது மூன்றாம் வகுப்பு, கணக்கு மட்டும் இரண்டாம் நிலை என்று இருக்கலாம். அதில் வெட்கம் இல்லை. இரண்டு பக்கமும் தடுப்பு வைத்த மேசையில் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சின்னக் கொடியை நட்டுவைத்தால் மேற்பார்வையாளர் வருவார். பயிற்சிகளை விடைப் புத்தகத்தைப் பார்த்துப் பிள்ளையே திருத்திக்கொள்ளும். தேர்வில் பொதுவாக 80 விழுக்காடு எடுத்தால்தான் அடுத்த புத்தகம்.

பின்தங்கிய பிள்ளைக்கும், ஆசிரியர் குறைவாக உள்ள சிறு பள்ளிக்கும் இது கைகொடுக்கும். அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை பக்கத்தில் இருப்பவனைப் பார்க்காமல் கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொண்டே இருப்பது எனக்கு ஒப்பவில்லை. வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைத் தடுப்புக்குள் தனியாக உட்கார்ந்து படிப்பது கொஞ்சம் விசித்திரம்தான், இல்லையா? இன்னொன்று: இதன் அறிவியல் பாடம், உலகம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் படைக்கப்பட்டது என்ற பார்வையில் எழுதப்பட்டது. பெற்றோர் அதைத் தெரிந்துகொண்டே சேர்க்க வேண்டும்.

சரி, மூன்றாவது சார்லட் மேசன் முறை. 1842-இல் பிறந்த இந்த ஆசிரியை, 1892-இல் இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியவர். ஆறு வயதுக்கு முன் முறையான பாடமே வேண்டாம் என்றார். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் 15, 20 நிமிடம்தான். வீட்டின், பள்ளியின் சூழலே கல்வியில் மூன்றில் ஒரு பங்கு என்பது அவர் எண்ணம். அதனால் சுவரில் நல்ல ஓவியம், வெளியே நடை, கண்டதை வரைந்துவைக்க ஒரு இயற்கைக் குறிப்பேடு. வேதாகமத்தைச் சுருக்கிக் குழந்தைக் கதையாக்காமல் அப்படியே ஒருமுறை வாசிப்பார்கள். அப்புறம் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பாடம் முடிந்ததும் கேள்வித்தாள் இல்லை.

இந்தத் திருப்பிச் சொல்லல்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவர்களைக் கேளுங்கள். அதிகார எண் போயிருக்கும், காணாமற்போன ஆட்டைத் தோளில் தூக்கி வந்தது போகாது. ஆனாலும் 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் எத்தனை பேர் சொல்ல முடியும்? நன்றாக வாசிக்கவும் பொறுமையாகக் கேட்கவும் தெரிந்த ஆசிரியர் இல்லையென்றால் இது வெறும் கதை நேரமாகிவிடும். மதிப்பெண் பட்டியல் பார்த்தே பழகிய பெற்றோருக்குக் கையில் காட்ட ஒன்றும் கிடைக்காது.

ஆரம்ப மூன்று ஆண்டுகளுக்கு என் ஓட்டு மேசனுக்கு, வகுப்பு சிறியதாக இருந்தால் மட்டும். பெரிய வகுப்பென்றால் அரசுப் பாடத்திட்டப் பள்ளியே போதும். வேதபாட வகுப்பைக் கடன் கொடுக்காத தலைமையாசிரியராகப் பார்த்துச் சேருங்கள். கணக்கில் மட்டும் தடுமாறும் பிள்ளைக்கு அந்தச் சிறு புத்தகங்களைத் தனியாக வாங்கி வீட்டில் வைத்தும் பழக்கலாம், தடுப்பு மேசை இல்லாமலே.