உப்புவெளிப் பக்கம் ஒரு கலப்புப் பாணி விடுதி: கச்சான் காத்துக்குள்ளயும் மாரிக்குள்ளயும் தங்கிப் பார்த்தது

உப்புவெளிப் பக்கம் கடலைப் பார்த்தபடி புதுசா ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டியிருக்காங்க, பேர் போடல்ல, ஏனெண்டா ஓனர் நல்ல மனிசன், நான் சொல்லப்போற குறை அவருக்கு மட்டும் இல்ல, இப்ப திருகோணமலையில எழும்புற நிறையக் கட்டடத்துக்கும் பொருந்தும். ரெண்டு தரம் தங்கினன். முதல்தரம் ஆடியில, கனடாவில இருந்து மாமி குடும்பம் வந்த நேரம். ரெண்டாந்தரம் மார்கழியில, நல்ல மழைக்குள்ள. ஒரு தரம் மட்டும் தங்கியிருந்தா இதை எழுதியிருக்க மாட்டன்.

ரோட்டால பார்த்தா ஒல்லாந்தர் காலத்து வீடு மாதிரி, மொத்தத் தூண், பதிஞ்ச ஓட்டுக்கூரை, நீள விறாந்தை. உள்ள போனா நாற்சார் வீடு, நடுவுல முத்தம், சுத்திவரச் செட்டிநாட்டுத் தேக்குத் தூண், காலுக்குக் கீழ ஆத்தங்குடி டைல்ஸ். அதையும் தாண்டிக் கடல் பக்கம் போனா கொழும்பு ஃப்ளாட்டுக்குள்ள வந்த மாதிரி ரெண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி, மேல கொங்கிரீட் பிளேட், சதுரப் பெட்டி. எக்லெக்டிக் எண்டு ஆர்க்கிடெக்ட்மார் சொல்றது இதைத்தான், பல ஊர் பல காலத்துப் பாணியில பிடிச்சதை எடுத்து ஒரு கட்டடத்துல சேர்க்கிறது.

கலப்பு எண்டாலே போலி எண்டு சொல்றவங்களோட எனக்கு ஒத்துவராது. யாழ்ப்பாண நூலகத்தைப் பாருங்க, அது இந்தோ சரசனிக், அந்தப் பாணியே இந்து, முஸ்லிம், ஐரோப்பியக் கட்டடக்கலை எல்லாம் கலந்து பிறந்தது, நரசிம்மன் எண்ட மெட்ராஸ் ஆர்க்கிடெக்ட் வரைஞ்சு 1959ல திறந்தாங்க, 1981ல எரிச்ச பிறகும் அதே உருவத்துலதான் திரும்ப எழுப்பினாங்க. அதைக் கலப்பு எண்டு எங்கட சனம் ஒரு நாளும் நினைச்சதில்ல, எங்கட எண்டுதான் நினைக்குது.

ஆனா திருகோணமலைக்காரனுக்கு இதுல இன்னொரு பக்கமும் இருக்கு. 1622ல கோணேசர் கோயிலை இடிச்ச கல்லை வச்சுப் போர்த்துக்கேயர் கட்டின கோட்டைதான் பிறகு ஒல்லாந்தர்ட கைக்கும் அதுக்குப் பிறகு இங்கிலீஷ்காரன்ட கைக்கும் போனது, வாசல் கல்லுல இண்டைக்கும் பாண்டியர்ட ரெட்டைக் கயல், அதான் ரெட்டை மீன் சின்னம், கிடக்கு. அதைக் கடந்து கோயிலுக்குப் போகேக்க எல்லாம் எனக்கு வயிறு எரியும். அதனால பழைய தூண் ஒண்டைப் புதுக் கட்டடத்துல கண்டா இது எங்கத்தையத் தூண், எப்பிடி வந்தது எண்டுதான் முதல்ல கேப்பன். ஓனர் மறைக்காமச் சொன்னார், ஆக்கள் தாங்களே இடிச்ச பழைய வீடுகள்ல விலை குடுத்து வாங்கினதாம், கதவும் அப்பிடித்தானாம். விறகாப் போகாமத் தப்பினதே பெரிய விசயம், அந்த மாதிரிக் கதவை இப்ப செய்ய மரமும் இல்ல, தச்சு ஆக்களும் குறைஞ்சு போச்சு.

முதல்தரம் தங்கின ஆடியில கச்சான் அடிச்ச அடி இருக்கே, மலைநாட்டுல மழையைக் கொட்டிட்டு வாற காத்து எங்கட பக்கம் இறங்கேக்க காய்ஞ்சு சூடாத்தான் வரும், வாய் வறண்டு போகும். அந்த நேரத்துல முத்தத்துப் பக்க ரூம்ல நாங்க பகல்ல ஏசி போடல்ல. சூடு ஏறி முத்தத்தால மேல போகுது, ரோட்டுப் பக்க விறாந்தை மேற்கு வெயிலை மறிக்குது, தாழ்வாரத்துல எப்பவும் நிழல். மாமி தூணுல சாய்ஞ்சு குந்தியிருந்து அம்மம்மாட வீட்டுக் கதையெல்லாம் சொன்னா, பிள்ளைகள் ஒவ்வொரு தூணையும் சுத்தி ஓடிப்பிடிச்சு விளையாடினதுகள், ஒரே மாதிரி ரூம் அடுக்கின ஹோட்டல்ல இது நடக்காது. கலப்புப் பாணிட நல்ல பக்கம் எனக்கு அந்த ரெண்டு நாள்ல விளங்கினது. ஒல்லாந்தர் விறாந்தையும் நாற்சார் முத்தமும் வேற வேற இடத்துல இருந்து வந்ததுதான், ஆனா ரெண்டும் வெயிலோட பழகின சாமான்.

கண்ணாடிப் பக்கம் அப்பிடியில்ல. எங்கட கரை கிழக்குப் பார்த்த கரை, காலையில ஆறு மணி தாண்டினாச் சூரியன் நேரா ரூமுக்குள்ள. தாவாரம் எண்டு ஒரு சாண்கூட வெளியில நீட்டல்ல, ஏனெண்டா பெட்டி மாதிரித் தெரியோணுமாம். அந்தப் பக்க ரூம்ல தங்கின மச்சான் எட்டு மணிக்கெல்லாம் திரையை இழுத்து மூடிட்டு ஏசியைப் போட்டான், கடல் பார்க்கக் காசு குடுத்துட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாங்க. அலுமினியத்துட ஸ்க்ரூ எல்லாம் உப்புக்காத்துல இப்பவே கறள்.

மார்கழியிலதான் மிச்சம் தெரிஞ்சது. வாடையும் அதே பக்கத்தாலதான் வரும், மழை சரிஞ்சு வந்து கண்ணாடியில அடிச்சு அடிச் சட்டத்தால உள்ள வருது. அதைவிட மோசம், ஓட்டுக்கூரை வந்து பிளேட்டுல முட்டுற இடம். ஓட்டுத் தண்ணி முழுக்க அந்த மூலைக்குத்தான் ஓடி வருது, அங்க போட்டிருக்கிற பீலி கைப்பிடி அகலம்கூட இல்ல, இலை அடைச்சா முடிஞ்சுது. இரவு பத்து மணிக்குத் தாழ்வாரத்துல மூண்டு வாளி வச்சாங்க, வேலை செய்யிற தம்பி "அண்ணே, இந்த மாரியில இது நாலாந்தரம்" எண்டான், பாவம். என்ட அப்பா மேசன். அவர் எப்பவும் சுவரைப் பார்க்க மாட்டார், மூட்டு வாற இடத்தைத்தான் பார்ப்பார். ஓட்டுக்கு ஒரு மேசன், பிளேட்டுக்கு ஒரு மேசன், கண்ணாடிக்குக் கொழும்பில இருந்து ஒரு ஆள், ஆளாளுக்குத் தங்கட வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்காங்க, ரெண்டு வேலையும் சந்திக்கிற இடத்துக்கு ஒருத்தரும் பொறுப்பில்ல. கலப்புப் பாணியில காசும் மூளையும் போகவேண்டியது அந்த இடத்துக்குத்தான், படத்துல அது தெரியாது.

ஆத்தங்குடி டைல்ஸும் அப்பிடித்தான். அது சூளையில சுடுறதில்ல, கண்ணாடித் தட்டுல நிறத்தை ஊத்தி மண்ணும் சீமெந்தும் போட்டு வார்த்து, தண்ணியில ஊறவச்சுக் காயவைக்கிறது. வீட்டுக்குள்ள வெறுங்காலால நடக்க நடக்க மினுங்கும், முத்தத்தைச் சுத்தி அருமையா இருக்கு. அதையே கடற்கரை வாசல்லயும் பதிச்சிருக்காங்க, கடல் மண்ணோட செருப்பு உரஞ்சி உரஞ்சிப் பூவெல்லாம் அழிஞ்சு வெளிறிப் போச்சு. பார்க்கக் கவலையா இருந்தது.

இலங்கையிட பேர்போன ஆர்க்கிடெக்ட் ஜெப்ரி பாவா கொழும்பில 33ஆம் லேன்ல நாலு சின்ன வீட்டை ஒவ்வொண்டாச் சேர்த்துத்தான் தன்ட வீட்டைக் கட்டினவர், அங்கயும் தென்னிந்தியப் பழைய தூணும் கதவும்தான். ஆனா அங்க ஒவ்வொண்டும் ஒரு நிழலுக்கோ ஒரு வெளிச்சத்துக்கோ வேலை செய்யுது, சும்மா காட்ட நிக்கல்ல. ஓனருக்கும் இதைச் சொன்னன், கிழக்குப் பக்கம் கண்ணாடிக்கு மேல ஓட்டுத் தாவாரம் ஒண்டு ஆறடி இறக்குங்க, பீலியை ரெண்டு மடங்காக்குங்க எண்டு. முகப்பு கெட்டுப் போயிடுமே எண்டு யோசிச்சார், பிறகு பேப்பர் எடுத்துக் கீறச் சொன்னார், கீறிக் குடுத்துட்டு வந்தன்.

சாப்பாடு நல்லம், திருக்கைக் கறி கட்டாயம் கேளுங்க. ரூம் எடுக்கிற ஆக்கள் கடல் பக்கத்துக்கு கூடக் காசு குடுக்க வேணாம், முத்தத்துப் பக்கம் கேளுங்க, அதுலயும் மாரி எண்டா ரோட்டுப் பக்க மூலை ரூம், அங்க ஒழுக்கு இல்ல. மாமி பங்குனியில திரும்ப வாறா, அந்த ரூமை இப்பவே சொல்லி வச்சிட்டன்.