கொம்பு முன்னால் வர வேண்டும்: ஆறு ஆண்டுகளாக என்னோடு இருக்கும் கருவிகள்

புதிய கருவியைக் கையில் எடுத்த முதல் மாதத்தில் எல்லாமே பிடித்துப்போகும். அதனால்தான் இதை எழுத ஆறு ஆண்டுகள் காத்திருந்தேன். இதற்கிடையில், கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றி 56 பக்கச் சித்திரக்கதை ஒன்றை வரைந்து முடித்தேன். அவளையே வைத்து இரண்டு மணி நேரம் ஆடக்கூடிய சிறு விளையாட்டு ஒன்றைச் செய்தேன். அவளுடைய தம்பியின் கதையாக இரண்டாவது விளையாட்டு இப்போது பாதி வளர்ந்திருக்கிறது. கதை, படம், நிரல் மூன்றையும் நானே பார்க்கிறேன். இசை மட்டும் நண்பர் ஒருவருடையது.

எந்தக் கருவி என்னோடு தங்கியது, எது கழன்றுகொண்டது என்று இப்போது திரும்பிப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் முடிவுசெய்திருக்கிறது: இது தமிழ் எழுத்தை ஒழுங்காக நிற்கவைக்கிறதா? தூரிகைகளின் எண்ணிக்கை, வேகம், அழகான திரை எல்லாம் அதற்குப் பிறகுதான். சித்திரக்கதையிலும் சரி, வசனம் நிறைந்த விளையாட்டிலும் சரி, வாசகரின் கண் படத்தை விட எழுத்தில்தான் அதிக நேரம் நிற்கிறது. அங்கே ஒரு கொம்பு இடம் மாறினால் கதை அந்த இடத்திலேயே செத்துவிடும்.

முதல் விளையாட்டை நான் தொடங்கிய இயந்திரத்தில், அதாவது விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில், அதுதான் நடந்தது. 'கேள்' என்று எழுதினால் இரட்டைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. 'கொடு' என்று எழுதினால் ஒற்றைக்கொம்பும் காலும் ககரத்தின் வலப்பக்கத்தில் குவிந்தன. இதற்குக் காரணம் எளிது. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறியில் (யூனிகோடு) முதலில் மெய்க்குரிய குறியும், பிறகு உயிர்க்குறியும் சேமிக்கப்படுகின்றன. 'கெ' என்பது ககரம், அடுத்து ஒற்றைக்கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது இன்னொரு அடுக்கின் வேலை. அந்த அடுக்கு இல்லாத மென்பொருள் சேமித்த வரிசையிலேயே எழுத்தைக் கொட்டிவிடும்.

வேறு வழி தெரியாமல் எல்லா வசனங்களையும் படங்களாக மாற்றினேன். முந்நூற்றுச் சொச்சம் வசனங்கள், முந்நூற்றுச் சொச்சம் படக்கோப்புகள். ஒரு சொல்லைத் திருத்த நினைத்தால் படத்தை மறுபடி ஏற்ற வேண்டும். நான்கு மாதங்கள் அப்படி ஓடின. அந்த நான்கு மாதங்களில் என் வசனங்கள் மோசமாயின என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். திருத்துவது கடினமானதும் திருத்துவதையே விட்டுவிட்டேன்.

கோடோ என்ற விளையாட்டு இயந்திரத்தின் 4.0 பதிப்பு வெளிவந்தது 2023 மார்ச்சில். ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகத்தை உள்ளுக்குள் வைத்துக்கொண்டு வந்தது. ஒரு வெற்றுக் காட்சியைத் திறந்து, எழுத்துருவைச் சேர்த்து, 'கொக்கு' என்று தட்டினேன். சரியாக வந்தது. அன்று இரவே படக்கோப்புகள் அனைத்தையும் நீக்கினேன். அதன்பிறகு வேறு இயந்திரம் தேடவில்லை. கட்டற்ற மென்பொருள் என்பதும், 2014இலிருந்து யாரும் தாராளமாகப் பயன்படுத்த விடும் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது என்பதும் எனக்குப் பெரிய நிம்மதி. நாளைக்கு யாரும் விதிகளை மாற்றி என் பழைய திட்டங்களைப் பூட்ட முடியாது. காட்சிக் கோப்புகள் வெறும் உரையாகச் சேமிக்கப்படுவதால், கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' கருவியை வைத்திருப்பவர்கள் நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று வரிக்கு வரி பார்க்கலாம்.

ஒரு நுணுக்கத்தை மட்டும் இங்கே நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் விளையாட்டு செய்கிற எல்லோரும் இதில் ஒரு நாளாவது சிக்குவார்கள். வசனம் ஒவ்வொரு எழுத்தாகத் தோன்றும் தட்டச்சு விளைவு எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் கணினி எண்ணுவது நாம் எண்ணும் எழுத்துகளை அல்ல. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ஐந்து குறிகள்: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. எனவே குறி குறியாகக் காட்டினால் முதலில் 'தம' தோன்றி, பிறகு 'தமி' ஆகி, 'தமிழ' ஆகி, கடைசியில் புள்ளி வந்து விழும். 'கொ' வரும்போது தனியாக நின்ற ககரம் திடீரென்று வலப்பக்கம் தள்ளப்படும். படிக்கிறவர் கண்ணுக்கு எழுத்து நடுங்குவதுபோல இருக்கும். கோடோவில் எழுத்தை வடிவமைத்த பிறகு மறைக்கச் சொல்லும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு மாற்றியதும் நடுக்கம் நின்றது. வேகத்தையும் சற்றுக் குறைத்தேன். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, கண்ணுக்கு அவகாசம் வேண்டும்.

வரைவதற்கு ஆறு ஆண்டுகளும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள்தான். சுவீடிஷ் மொழியில் அந்தப் பெயருக்குச் சுண்ணக்கட்டி என்று பொருள். சித்திரக்கதைக்காரருக்கு இதில் மிகவும் உதவுவது வண்ணமூட்டும் முகமூடி. கோட்டோவியத்தின் மேல் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கிறுக்கல் நிறம் போட்டால், எல்லைகளை அதுவே கண்டுபிடித்து நிரப்பிவிடும். ஒரு பக்கத்துக்கு அடிநிறம் போட இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்ட எனக்கு இப்போது அரை மணி நேரம் போதும். முடிக்கற்றை, வேலிக்கம்பி போன்ற நெருக்கமான இடங்களில் இன்னும் கையால்தான் திருத்துகிறேன். விளையாட்டுக்குத் தரை ஓடுகள் வரையும்போது, படத்தின் ஓரங்களைச் சுற்றிச்சுற்றி ஒட்டிக்காட்டும் முறை கைகொடுக்கிறது. ஒரே மென்பொருளில் காலையில் சித்திரக்கதைப் பக்கம், மாலையில் விளையாட்டுத் தரை. கை ஒரே குறுக்குவிசைகளை நினைவில் வைத்திருக்கிறது.

பேச்சுக் குமிழ்களை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அமைக்கிறேன். எழுத்துரு கவிவனார். சாய்ந்த கையெழுத்துச் சாயல், திறந்த உரிமம், சிறிய அளவிலும் தெளிவு. குமிழில் நடுவரி அகலமாகவும் மேலும் கீழும் குறுகலாகவும் இருந்தால் அழகு. தமிழில் இதற்குப் பெரிய தடை நம் வினைமுற்றுகள். 'அவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களா?' என்று எழுதியிருந்தேன். அந்தக் கடைசிச் சொல் தனியாகவே ஒரு வரியை விழுங்கி, குமிழை நாயகியின் முகம்வரை நீட்டியது. 'இன்னுமா தேடுகிறார்கள்?' என்று மாற்றினேன். குமிழ் சுருங்கியது, அதோடு அவள் குரலில் ஒரு பதற்றமும் வந்தது. இப்போதெல்லாம் குமிழை முதலில் வரைந்துவிட்டு வசனத்தை அதற்குள் எழுதுகிறேன். இடநெருக்கடி என் வசனத்துக்கு நல்ல ஆசிரியர்.

வரைபலகை திரையில்லாத சாதாரண வகை. பேனா முனை தேய்ந்து உளிபோல ஆனதும் மாற்றிவிடுவேன். வேறு குறையில்லை.

மூன்றாம் ஆண்டில் வன்தட்டு ஒன்று செயலிழந்து 11 பக்கங்கள் போயின. திரும்ப வரைந்தேன், இரண்டாம் முறை வரைந்தவை நன்றாகவும் இருந்தன, ஆனாலும் முதல் முறை வரைந்த ஒரு மழைக்காட்சியை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு அமர்விலும் கிரிட்டாவின் எண்ணிட்டுச் சேமிக்கும் கட்டளையையே பயன்படுத்துகிறேன். பிரதிகள் இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன.

வேலை ஓயும் நேரத்தில் நான் ஆடுபவையும் இந்த மேசைக்கே திரும்பி வருகின்றன. 2017இல் வந்த 'கோரோகோவா' என் மனத்தில் முதலிடத்தில் இருக்கிறது. ஜேசன் ராபர்ட்ஸ் கையால் வரைந்தது. திரையில் நான்கு கட்டங்கள். ஒரு கட்டத்துப் படத்தை இன்னொன்றின் மேல் வைத்தால் சட்டகம் கழன்று வழி திறக்கிறது. வசனம் ஒன்றுகூடக் கிடையாது. சித்திரக்கதையின் கட்டத்தைக் கையால் நகர்த்தும் பொருளாக மாற்றலாம் என்று எனக்குக் காட்டியது அதுதான். வருடத்துக்கு ஒருமுறை முதலிலிருந்து ஆடுகிறேன்.

'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' (2018) வேறு வகையில் பிடித்தது. லூகாஸ் போப் செய்தது. 1807இல் ஆளில்லாமல் திரும்பி வந்த கப்பல், அதில் இருந்த 60 பேரின் கதியைக் கண்டறிய வேண்டும். இரண்டே நிறங்கள். ஒவ்வொருவரின் கடைசி நொடிக்கு முன்னால் திரை இருண்டு பேச்சு மட்டும் கேட்கும். பிறகு உறைந்த காட்சிக்குள் நாம் நடக்கலாம். பேச்சை ஒரு கட்டத்திலும் படத்தை அடுத்த கட்டத்திலும் வைத்தால் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் வாசகர் பயப்படுகிறார். என் சித்திரக்கதையின் கடைசி எட்டுப் பக்கங்களை அதைப் பார்த்தபின் மாற்றி அமைத்தேன்.

பழைய விளையாட்டுக் கருவிபோல வேண்டுமென்றே குறுக்கி அமைத்த பிகோ-8 மென்பொருளை வைத்துச் சின்னச்சின்னச் சோதனைகள் செய்வேன். 128க்கு 128 பிக்சல், 16 நிறங்கள். 'செலஸ்ட்' விளையாட்டு கூட முதலில் அதில் நான்கு நாட்களில் செய்யப்பட்டதுதான். அதன் எழுத்துகள் மூன்று பிக்சல் அகலம், ஐந்து பிக்சல் உயரம். அந்த இடத்தில் ஞகரமோ ணகர ஐகாரமோ அடங்காது. தமிழ்ச் சொற்களைப் படமாக வரைந்துதான் வைக்க முடிந்தது, 16 பிக்சல் உயரத்துக்குக் கீழே எனக்கு எதுவும் படிக்கும்படி அமையவில்லை. எனவே அங்கே வசனமில்லாத விளையாட்டுகளை மட்டும் முயல்கிறேன்.

இரண்டாவது விளையாட்டின் மையக் காட்சி இவை எல்லாவற்றிலிருந்தும் பிறந்தது. நான்கு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு சொல்: அக்கா, தம்பிக்கு, கடிகாரத்தை, கொடுத்தாள். ஆடுபவர் கட்டங்களை எப்படி அடுக்கினாலும் தமிழில் வாக்கியம் நிற்கும். அழுத்தம் மட்டும் மாறும், அதற்கேற்ப அடுத்த காட்சியும் மாறும். மொத்தம் 24 வரிசைகள். 18 வரிசைகளுக்கு வரைந்துவிட்டேன். 'கொடுத்தாள்' முதலில் வரும் ஆறு மட்டும் மீதி இருக்கின்றன. யார், யாருக்கு, எதை என்று எதுவும் தெரிவதற்கு முன்பே ஒரு கை நீள வேண்டும். அந்தக் கையை இந்த வாரம் ஒன்பது முறை வரைந்து பார்த்திருக்கிறேன்.