மைலேஜ் டப்பாவுக்கு 7,400 ரூபாய் அழுதேன், நீங்களாவது உஷாரா இருங்க

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன். ஆறிட்டா வெக்கம் வந்துடும், அப்புறம் எழுத மாட்டேன்.

7,400 ரூபாய். கார் மைலேஜ் கூடும்னு சொல்லி தீப்பெட்டி சைஸ்ல ஒரு டப்பாவை என் தலையில கட்டிட்டாங்க. நேத்து ராத்திரிதான் அதைப் பிரிச்சுப் பார்த்தோம். ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல. இந்த மாதிரி எதையாவது வாங்குறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு கடைசில விவரமா சொல்றேன்.

நான் தவில் வாசிக்கிறவன். மன்னார்குடி பக்கம். எங்க செட்ல நாலு பேர், ரெண்டு நாயனம், ரெண்டு தவில். எல்லாரும் என்னோட பழைய பெட்ரோல் கார்லதான் போறது. தவில் ரெண்டும் மேல கேரியர்ல, தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கும். முகூர்த்த நாள்னா விடியக்காலம் 3 மணிக்குக் கிளம்பி கும்பகோணம், மாயவரம், நாகைன்னு ஓட்டம். பெட்ரோல் காசைக் கழிச்சுட்டுத்தான் பங்கு பிரிக்கிறது. வண்டி ரொம்பக் குடிக்குதுன்னு நாயனக்கார மாமா சொல்லிக்கிட்டே இருப்பார். அந்தப் பேச்சு மண்டையில ஏறிப்போச்சு.

ஆவணி முகூர்த்தமெல்லாம் முடிஞ்சு தஞ்சாவூர்ல ஹாரன் மாத்தப் போனேன். கார் ஆக்சஸரீஸ் கடை. பேரு போட மாட்டேன், நோட்டீஸ் கீட்டீஸ் விட்டா அதுக்கு வேற தண்டச் செலவு. அங்க ஒரு பையன் மேல கேரியரைப் பார்த்துட்டு, "அண்ணே தவிலா? மைலேஜ் என்னண்ணே கொடுக்குது?"ன்னான். பத்து, பன்னண்டு இருக்கும்னேன். உண்மையில எனக்கே தெரியாது. 500 ரூபாய்க்குப் போடு, லைட்டு எரிஞ்சா மறுபடி 500-க்குப் போடுன்னு ஓட்டுறவனுக்கு மைலேஜ் எங்கேருந்து தெரியும்? அங்கயே பாதி விழுந்துட்டேன்.

காசு அப்புறம் கொடுங்கண்ணே, முதல்ல ஓட்டிப் பாருங்கன்னான். ஒரு ரவுண்டு ஏசியைப் போட்டு காந்திஜி ரோடு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் விடச் சொன்னான். சாயங்காலம் 6 மணி நெரிசல். மீட்டர்ல சராசரி 10.6. அப்புறம் ஸ்டியரிங்குக்குக் கீழ, மெக்கானிக் ஸ்கேனர் சொருகுற ஓட்டையில டப்பாவைச் சொருகினான். சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னுச்சு. ஒரு பட்டனை அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, "வண்டி மூளையை ரீசெட் பண்றேண்ணே"ன்னான். மீட்டரையும் பூஜ்யமாக்கினான். ரெண்டாவது ரவுண்டு பைபாஸ்ல. ஏசி வேணாம்னுட்டான். அஞ்சாவது கியர், 55-லயே புடிச்சு வரச் சொன்னான். 21.4 காட்டுச்சு.

இதைக்கூட நான் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனா அவன் அடுத்துச் சொன்னதுலதான் கவுந்தேன். "அண்ணே, நீங்க வித்வான். உங்க காதுக்குத் தெரியாததா? என்ஜின் சத்தத்தைக் கேளுங்க, சுருதி சேர்ந்திருக்கா இல்லையா?" கேட்டேன். சேர்ந்த மாதிரிதான் இருந்துச்சு, சத்தியமா. கூட்டத்துல ரெண்டாவது கியர்ல திணறுன என்ஜின் வெட்ட வெளியில அஞ்சாவது கியர்ல போனா சத்தம் மாறத்தானே செய்யும்? அது அப்ப உறைக்கல. வித்வான்னுட்டானே! திருவாவடுதுறையில சீவாளி (நாயனத்து வாயில சொருகி ஊதுற நாணல் துண்டு) வாங்கப் போனா மாமா பத்தை ஊதிப் பார்த்துட்டு ஒண்ணை எடுப்பார். நான் ஒரே தடவை கேட்டுட்டு 7,400 ரூபாயைக் கொடுத்துட்டு வந்திருக்கேன்.

டப்பா 5,900. "செட்டிங் சார்ஜ்" 1,500. பில்லு கேட்டதுக்கு, போட்டா ஜிஎஸ்டி சேரும்ணேன்னான். ஸ்கேன் பண்ணிப் பணம் அனுப்புனா கடை பேரு வரல, ஏதோ ஒரு ஆள் பேரு வந்துச்சு. அப்பயாவது நிறுத்தியிருக்கணும்.

மறுவாரம் எனக்கே ஒரு ரோஷம். டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி ஓட்டினேன். திரும்ப அதே பெட்ரோல் பங்குல, அதே பம்புல, குழாய் தானா கட் ஆகுற வரைக்கும் நிரப்பினேன். 412 கிலோமீட்டர், 31.2 லிட்டர். வகுத்துப் பாருங்க, 13.2.

போன் பண்ணேன். வண்டி உங்க ஓட்டத்தைக் கத்துக்க 150 கிலோமீட்டர் ஆகும்ணேன்னான். 412 ஓடியாச்சுடா. அப்ப 1,000 ஆகட்டும்ணே. ஆச்சு. அடுத்து, பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்கண்ணே, கவர்மெண்டைக் கேளுங்கன்னான். அது முழுப் பொய்யும் இல்ல. எத்தனால்ல லிட்டருக்கு மூணுல ஒரு பங்கு சக்தி கம்மி, 20 சதவீதம் கலந்தா மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். ஆனா டப்பாவை விக்கிறப்பவும் அதே பெட்ரோல்தானே ஓடுச்சு? நேர்ல போனா ஓனர் வேளாங்கண்ணி போயிருக்கார்னாங்க. ரெண்டாவது தடவை போனப்ப கல்லாவுல இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "பில்லு இருக்கா சார்?"ன்னார். அந்தப் பையன் வேலையை விட்டு நின்னுட்டானாம். இப்ப போனும் எடுக்குறதில்ல.

நேத்து என் மச்சான் மகன் வந்தான், பாலிடெக்னிக் படிக்கிறான். ஸ்க்ரூ டிரைவரால ஒரு நெம்பு, டப்பா வாயைப் பொளந்துடுச்சு. அந்தச் சொருகியில 16 பின் இருக்குமாம். 16-வது பேட்டரி கரண்டு, 4, 5 எர்த்து. வண்டி மூளையோட பேசுற கம்பி 6-வதும் 14-வதும். இதுல அந்த ரெண்டு பின்னும் பிளாஸ்டிக்குல சும்மா நிக்குது, பின்னாடி ஒரு கம்பிகூட இல்ல. பேட்டரிலேருந்து கரண்டை எடுத்து ரெண்டு லைட்டை மின்ன வைக்க ஒரு சின்ன சிப்பு. அவ்வளவுதான். "மாமா, இது மூளையோட பேசவே இல்ல, சும்மா கண்ணடிக்குது"ன்னான். வீட்டுக்காரம்மா சிரிச்சுட்டா. எனக்குச் சிரிப்பு வரல.

இன்னொரு வயித்தெரிச்சல். டப்பாவைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே, அது வேலை செய்யலன்னு மைலேஜ் கணக்குல தெரிஞ்சதுமே அதைக் கழட்டிட்டு ஒரு டேங்க் ஓட்டினேன், அதே 13.2. அப்புறம் பங்குல காத்துப் பார்த்தா நாலு டயர்லயும் 22. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல 30-ன்னு போட்டிருக்கு, இத்தனை வருஷமா நான் படிச்சதே இல்ல. காத்தடிச்சேன். கேரியரையும் கழட்டினேன். ஒரு தவில் டிக்கில, ஒண்ணு பின் சீட்டுல மடியில. மாமா முனகிக்கிட்டேதான் வர்றார். 377 கிலோமீட்டர், 24.9 லிட்டர். 15.1 வந்துச்சு. பைசா செலவில்ல! 7,400 ரூபாய்க்கு 70 லிட்டருக்கு மேல பெட்ரோலே போட்டிருக்கலாம்.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், திருவாரூர்ல ரிசப்ஷன் கச்சேரி, வெளிய ஹாரன் அடிக்கிறாங்க. அதனால சுருக்கமா: டேங்க் நிரப்பி நிரப்பி நீங்களே கணக்கு எடுங்க, கடைக்காரன் கூட உக்காந்து காட்டுற நம்பரை நம்பாதீங்க. பில்லு இல்லாம பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. பணம் போற பேரைப் பாருங்க. டயர்ல காத்து. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, நான் இன்னிக்குக் காலையில புகார் பண்ணிட்டேன், பணம் போன ஸ்கிரீன்ஷாட்டை வச்சு. பதில் வந்தா இங்கயே போடுறேன்.

பொளந்த டப்பாவை வச்சிருக்கேன். மன்னார்குடி பக்கம் வர்றவங்க யாராவது பார்க்கணும்னா சொல்லுங்க, காட்டுறேன். லைட்டு இன்னும் எரியுது.