வேப்பேரி கால்நடை மருத்துவமனை: கைவிடப்பட்ட நாயோடு போனவளின் அனுபவம்

யாரோ கைவிட்ட நாயை வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கள் பின்தெரு வீட்டு மொட்டை மாடியில் ஒரு ராஜபாளையம் நாய் நாலு வருடமாகக் கட்டியே கிடந்தது. குட்டியில் போட்ட நைலான் கயிறு, கழுத்து வளர வளரச் சதைக்குள் இறங்கிவிட்டது. "சொன்ன பேச்சு கேக்காதுங்க, முரட்டு நாய்" என்பார் வீட்டுக்காரர். ஓயாமல் கட்டிப்போட்டு நடக்கவே விடாமல் வைத்திருப்பது 1960ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். எடுத்துச் சொன்னேன். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். அதற்கு யார் பயப்படுவார்கள்? கடைசியில் வீடு மாறும்போது, "வேணும்னா நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்று அவரே கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார்.

முதலில் போன தனியார் கிளினிக்கில் நாயைத் தொடாமலே ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடலாம் என்றார்கள். அங்கிருந்து நேராக ஆட்டோ பிடித்து வேப்பேரி வந்தேன். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை இது. பேராசிரியர்களோடு மாணவர்களும் பார்ப்பார்கள்.

சீட்டு போடும் இடத்தில் நாயின் பெயர் கேட்டார்கள். வாய்க்கு வந்தபடி வெள்ளையன் என்றேன். உரிமையாளர் யார் என்றார்கள். கொஞ்சம் யோசித்து என் பெயரையே சொன்னேன்.

மயக்க ஊசி போட்டு, முடியை மழித்து, கயிற்றை இழை இழையாக இடுக்கியால் எடுத்தார்கள். புண்ணில் புழு இருந்தது. அந்த நாற்றத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு மாணவி மட்டும் அவன் காது மடலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை விடவில்லை. மயக்கத்தில் இருக்கிறானே என்றேன். "இருக்கட்டும்கா" என்றாள். தட்டில் விழுந்த கயிறு கருத்துப்போய் ஒரு சாண் நீளம் இருந்தது. எடை 14 கிலோ. ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல். 28 நாளைக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை.

நாலாவது தடவை கட்டு மாற்றப் போனபோது, பின்னால் யாரோ இரும்புத் தட்டைக் கீழே போட்டுவிட்டார்கள். அந்தக் கூடத்திலிருந்த எல்லா நாயும் திரும்பிப் பார்த்தது, வெள்ளையனைத் தவிர. மருத்துவர் அவன் தலைக்குப் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தார், கைதட்டிப் பார்த்தார். "இவனுக்குக் காது கேக்காதும்மா. வெள்ளை நிறத்தோட சேர்ந்தே வர்றது, இந்த இனத்துல நிறையப் பாக்கறோம்" என்றார். சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று நாலு வருடம் அடி வாங்கியிருக்கிறான். அன்று வீடு வரும்வரை ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கூட்டம் எப்போதும் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். கூட இன்னொருவர் கட்டாயம் வேண்டும். ஒருவர் நாயோடு இருந்தால்தான் மற்றவர் ரத்த மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுக்கவும் மருந்து வாங்கவும் ஓட முடியும். நாய்க்கு வாய்மூடி, தண்ணீர், ஒரு பழைய பெட்ஷீட் எடுத்துக்கொள்ளுங்கள். செலவு தனியார் கிளினிக்கில் ஆவதைவிட மிகவும் குறைவு. ஆனால் சில மருந்துகளை வெளியில் வாங்க வேண்டிவரும்.

வெள்ளையனை எப்படிப்பட்ட வீட்டுக்குத் தத்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் அந்த மருத்துவரே சொன்னார்: சுற்றுச்சுவர் இருக்க வேண்டும், வாரில்லாமல் ரோட்டில் விடக்கூடாது, அவன் தூங்கும்போது திடீரென்று தொடும் சின்னக் குழந்தைகள் இருக்கக்கூடாது. பண்ணை வீட்டுக் காவலுக்குக் கேட்ட ஒருவருக்கும், இனப்பெருக்கத்துக்குக் கேட்ட இன்னொருவருக்கும் மறுத்துவிட்டேன். அதன் பிறகு வேப்பேரியிலேயே அவனுக்குக் கருத்தடையும் செய்துவிட்டேன். மூன்று மாதம் காத்திருந்து, திருவள்ளூர் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதியிடம் கொடுத்தேன். அந்த அம்மா தரையில் இரண்டு தரம் காலால் தட்டுவார். அதிர்வு தெரிந்ததும் வெள்ளையன் எழுந்து அவர் கையைப் பார்ப்பான். விரித்த உள்ளங்கை என்றால் வா, மூடிய கை என்றால் உட்கார். இப்போது 24 கிலோ. கழுத்தைச் சுற்றி மட்டும் முடி முளைக்கவில்லை, அதனால் மார்பு வார்தான் போடுகிறார்கள்.

போன மாதம் தடுப்பூசிக்கு அவர்களே வேப்பேரிக்குக் கூட்டி வந்திருந்தார்கள். நானும் போனேன். புதுச் சீட்டில் உரிமையாளர் பெயரை அந்த அம்மா நிறுத்தி நிதானமாக, எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.