தினமும் கட்ட ஒரு முள் வாட்ச்: ஐந்தில் எது தாங்கும்?

கறுப்பு டயல், பெரிய வெள்ளை எண்கள், பார்த்த உடனே மணி தெரியும் முட்கள். நனைந்தால் பதற வேண்டாம், இடித்துக்கொண்டால் மனம் நோக வேண்டாம். ஃபீல்டு வாட்ச் என்கிற வகை ராணுவத்திலிருந்து வந்தது. 1945-இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு 12 நிறுவனங்கள் ஒரே விதிமுறைப்படி செய்துகொடுத்த கறுப்பு டயல் வாட்ச்களும், 1964-இல் அமெரிக்க ராணுவம் விலை குறைந்த வாட்ச்சுக்கென்று வெளியிட்ட மில்-டபிள்யூ-46374 விதிமுறையும் இதன் முன்னோர்கள். ஆடம்பரமாக இருக்க வேண்டும் என்று அந்த விதிமுறைகள் எதிலும் இல்லை. படிக்க வேண்டும், ஓட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே எடுத்துக்கொண்டவை ஐந்து: கேசியோ எம்.ஆர்.டபிள்யூ-200எச், டைமெக்ஸ் எக்ஸ்பெடிஷன் ஸ்கவுட் 40, சிட்டிசன் எக்கோ-டிரைவ் பி.எம்.8180, சீகோ 5 ஸ்போர்ட்ஸ் எஸ்.ஆர்.பி.ஜி.27, எச்.எம்.டி பைலட். கடையில் புதிதாகக் கிடைக்கும் முதல் நான்கும் இதே வரிசையில்தான் விலை ஏறும். எச்.எம்.டி பெரும்பாலும் பழைய வாட்ச்சாகவே கைக்கு வரும் என்பதால் அதன் கணக்கு தனி. கேசியோவில் டயலைச் சுற்றிச் சுழலும் வளையம் இருப்பதால், கறாராகப் பார்த்தால் அது ஃபீல்டு வாட்ச் இல்லை. ஆனால் இந்த விலையில் அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

எது வாங்கலாம் என்று ஒரே வார்த்தையில் கேட்டால், சிட்டிசன். அதை மற்றவை தோற்கடிக்கும் இடங்களும் உண்டு. அவற்றையும் பார்க்கலாம்.

தண்ணீர்

வாட்ச் கெடுவதற்கு முதல் காரணம் தண்ணீர். அதனால் டயலில் எழுதியிருக்கும் மீட்டர் கணக்கை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 50 மீட்டர் என்றால் 50 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று பொருள் இல்லை. அசையாத நீரின் அழுத்தத்தில் வைத்துச் சோதித்த அளவு அது. கையை வீசி நீந்தும்போதும், குழாய்த் தண்ணீர் வேகமாக அடிக்கும்போதும் ரப்பர் வாஷர்மேல் விழும் அழுத்தம் வேறு. நடைமுறையில் 30 மீட்டர் என்றால் கை கழுவலாம், தூறலில் நடக்கலாம். 50 என்றால் கொட்டும் மழை, எப்போதாவது ஒரு நீச்சல். 100 என்றால் குளம், கிணறு, கடல் எதற்கும் கழற்ற வேண்டாம்.

கேசியோ, சிட்டிசன், சீகோ மூன்றும் 100 மீட்டர். டைமெக்ஸ் 50. இதே சீகோவின் பழைய தம்பி எஸ்.என்.கே.809 வெறும் 30 மீட்டர்தான். உற்பத்தி நின்றுபோனாலும் இணையத்தில் இன்னும் அதைத் தேடி வாங்குகிறார்கள். அழகான வாட்ச், 37 மில்லிமீட்டர், மெலிந்த கைக்கு எடுப்பாக உட்காரும். ஆனால் மழைக்காலத்தில் பைக் ஓட்டுபவருக்கு அது சரிப்படாது.

இந்த எண்கள் எல்லாம் வாட்ச் புதிதாக இருக்கும்வரைதான். ரப்பர் வாஷர் வியர்வையிலும் வெயிலிலும் காய்ந்து இறுகிவிடும். ஹீட்டர் வெந்நீரில் குளித்துவிட்டு ஏ.சி. அறைக்குள் போவது அதற்கு மிகக் கெடுதல். சோப்பு நுரை வாஷரைத் தாண்டிச் சுலபமாக ஊடுருவும், குளிர்ந்தவுடன் உள்ளே இருக்கும் ஈரம் கண்ணாடியில் படியும். சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். வாட்ச்சைக் கையில் கட்டி உடம்புச் சூடு ஏறியபின் கழற்றி, கண்ணாடி மேல் ஒரு ஐஸ் கட்டியை ஒரு நிமிடம் வையுங்கள். துடைத்துவிட்டுச் சாய்த்துப் பாருங்கள். உட்புறம் பனி படர்ந்தாற்போல் இருந்தால் ஈரம் புகுந்துவிட்டது, அன்றைக்கே கடைக்குப் போக வேண்டும். அரிசிப் பானையில் போட்டு நாள் கடத்தினால் முட்களின் அச்சில் துரு பிடிக்கும்.

கடலில் குளித்தால், வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். சாவிக் குமிழ் இழுத்த நிலையில் இருக்கும்போது எந்த வாட்ச்சுக்கும் 100 மீட்டர் கிடையாது. ஈரக் கையோடு தேதி மாற்றக் கூடாது என்பதற்குக் காரணம் அதுதான்.

செல்

பிரச்சினையே செல் மாற்றும் நாளில்தான் தொடங்குகிறது. கேசியோவுக்கு வேண்டியது எஸ்.ஆர்.626.எஸ்.டபிள்யூ செல், ஏறக்குறைய 3 வருடம் ஓடும். தெருமுனைக் கடையில் இதே உருவத்தில் எல்.ஆர்.626 அல்லது ஏ.ஜி.4 என்று பொறித்த செல்லைப் போட்டுக் கொடுப்பார்கள். அளவு ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. முன்னது சில்வர் ஆக்சைடு, கடைசிவரை 1.55 வோல்ட்டை நிலையாகத் தரும். பின்னது ஆல்கலைன், வோல்ட் மெல்ல மெல்ல இறங்கும், சீக்கிரம் கசியும். கசிந்த உப்பு உள்ளே இருக்கும் முடி அளவு கம்பிச் சுருளை அரித்துவிட்டால், கேசியோ விலைக்கு இன்னொரு கேசியோ வாங்குவதே லாபம். செல்லின் முகத்தில் "எஸ்.ஆர்." என்று தொடங்குகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நின்றுபோன வாட்ச்சை அப்படியே அலமாரியில் போட்டுவைப்பதும் இதே கதியில்தான் முடியும்.

கேசியோவின் பின்மூடி நான்கு சின்ன ஸ்குரூவில் நிற்கிறது. மூடும்போது வாஷர் பள்ளத்துக்குள் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் மடிந்து நசுங்கினாலும் தண்ணீர் தாங்காது. ஸ்குரூக்களை மூலைக்கு மூலை மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். வாஷரில் சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் கேட்டால்தான் செய்வார்கள்.

டைமெக்ஸில் இருப்பது சி.ஆர்.2016, 3 வோல்ட் லித்தியம் செல். எந்த மருந்துக்கடை பக்கத்திலும் கிடைக்கும் ரகம். அதன் பின்மூடி அழுத்திப் பூட்டுவது. திறப்பது சுலபம், மூடுவதுதான் சிரமம். கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு பக்கம் உட்காரும், எதிர்ப் பக்கம் எழும். கோபத்தில் அழுத்தினால் கண்ணாடி விரியும். அழுத்து கருவி வைத்திருக்கும் கடையில் கொடுப்பதே நல்லது.

சிட்டிசனை முதலில் வைத்ததற்குக் காரணம், பல வருடங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. டயலுக்குப் பின்னால் இருக்கும் சூரியத் தகடு வெளிச்சத்தை வாங்கி ஒரு செல்லில் சேமிக்கிறது. முழுக்க நிறைந்தால் இருட்டில் ஏறக்குறைய 6 மாதம் ஓடும். சார்ஜ் குறையும்போது நொடிமுள் ஒவ்வொரு நொடிக்கும் நகராமல் இரண்டு நொடிக்கு ஒருமுறை தாவும். அதைப் பார்த்ததும் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், ஜன்னல் ஓரத்தில் முகம் மேலே இருக்கும்படி வைத்தால் போதும். பீரோவுக்குள் பூட்டி வைக்கக் கூடாது. எப்போதும் முழுக்கைச் சட்டை போடுகிறவர்கள் வாரத்தில் ஒரு நாள் வெளிச்சம் காட்ட வேண்டும். சீக்கிரம் சார்ஜ் ஏறட்டும் என்று நிறுத்திய காரின் டாஷ்போர்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள். 60 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் செல்லும் உள்பாகங்களும் கெடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்கு அது பெரிய விஷயமே இல்லை.

இன்னொரு எச்சரிக்கை முக்கியமானது. என்றைக்காவது இந்தச் செல்லை மாற்ற நேர்ந்தால், மறுபடி சார்ஜ் ஆகும் அதே ரகத்தைத்தான் போட வேண்டும். சாதாரண சில்வர் ஆக்சைடு செல் போட்டால் சூரியத் தகடு அதையும் சார்ஜ் செய்யப் பார்க்கும், செல் வெடித்து உள்ளே எல்லாவற்றையும் நாசமாக்கலாம். பழக்கமில்லாத கடைக்காரர் கையில் கொடுப்பதைவிட நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரே இதற்குச் சரி.

நேரம்: சீகோ எங்கே நிற்கிறது

சீகோவில் செல்லே இல்லை. கை அசைவில் சாவி ஏறும் 4ஆர்36 எந்திரம், 24 ஜுவல் (உராய்வைக் குறைக்கும் சின்னக் கற்கள்), முழுக்க ஏறினால் சுமார் 41 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குக் கழற்றி வைத்தால் ஞாயிறு காலை 11 மணி சுமாருக்கு நின்றிருக்கும். திங்கள்கிழமை அவசரத்தில் மணியும் தேதியும் கிழமையும் திருத்த வேண்டும். குமிழைத் திருகிச் சாவி கொடுக்கவும், குமிழை இழுத்து நொடிமுள்ளை நிறுத்தி மணி வைக்கவும் இதில் முடியும். எஸ்.என்.கே.809-இல் இருந்த 7எஸ்26 எந்திரத்தில் இரண்டும் கிடையாது, ஆட்டித்தான் ஓடவைக்க வேண்டும்.

துல்லியத்தில் செல்லில் ஓடும் வாட்ச்களோடு சீகோ போட்டி போடவே முடியாது. நாளுக்கு 45 நொடி முந்தலாம், 35 நொடி பிந்தலாம் என்பது சீகோவே சொல்லும் எல்லை. கேசியோவின் எல்லை மாதத்துக்கு 20 நொடி. நல்ல சீகோ அந்த எல்லைக்குள் நன்றாகவே ஓடும், என்றாலும் வாரம் ஒருமுறை திருத்துவது உறுதி. ரயில் நேரத்துக்கு வாட்ச் பார்க்கிறவர்களுக்கு இது தேவையில்லாத வேலை.

திடீரென்று நாளுக்குச் சில நிமிடங்கள் முந்த ஆரம்பித்தால் எந்திரம் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். காந்தம் ஏறியிருக்கலாம். காந்தப் பூட்டு வைத்த ஃபோன் உறை, ஸ்பீக்கர், கைப்பையின் கொக்கி, எதுவும் போதும். காந்தம் எடுக்கும் சின்னக் கருவி வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் இருக்கும், சில நொடியில் சரியாகிவிடும். இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையே தேதியைத் திருத்தக் கூடாது. அந்த நேரத்தில் தேதிப் பற்கள் ஏற்கெனவே கோர்த்துக்கொண்டு இருக்கும், குமிழால் தள்ளினால் பல் உடையும். கையில் எடுத்த வாட்ச் காட்டுவது காலையா இரவா என்று தெரியாவிட்டால், முட்களைச் சுற்றித் தேதி எப்போது மாறுகிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சீகோவுக்காகப் பேச ஒரு பெரிய விஷயம் உண்டு. இதே எந்திரத்தை என்.எச்.36 என்ற பெயரில் மற்ற நிறுவனங்களுக்கும் விற்கிறார்கள். பதினைந்து வருடம் கழித்துத் தேய்ந்துபோனால் முழு எந்திரத்தையே புதிதாக வைத்துவிடலாம். இந்த ஐந்தில், சுற்று வட்டாரத்தில் எந்தத் திறமையான கைக்கும் பழக்கமான எந்திரம் அதுவே. ஆனால் 13 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான தடிமன். சட்டைக் கை பட்டனில் மாட்டும்.

இருட்டு

டைமெக்ஸ் எல்லாரையும் தோற்கடிக்கும் இடம் இது. குமிழை அமுக்கினால் டயல் முழுவதும் நீலப்பச்சையாக ஒளிரும். 1992-இல் வந்த இண்டிக்லோ என்ற விளக்கு இது, இன்றைக்கும் இதற்கு ஈடு இல்லை. சீகோவின் லூமிபிரைட் பூச்சு பகல் வெளிச்சத்தை வாங்கி விடியும்வரை மங்கலாகவாவது காட்டும். சிட்டிசனின் பூச்சு அதற்கு அடுத்தபடிதான். கேசியோவை இருட்டில் நம்ப முடியாது.

ஆனால் டைமெக்ஸின் சத்தம். தலையணை அருகே வைத்தால் டக், டக் என்று ஒவ்வொரு நொடியும் கேட்கும். லேசாகத் தூங்குகிறவர்கள் கடையிலேயே காதில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். அதன் உடம்பு பித்தளை, மேலே முலாம். வியர்வை அதிகம் உள்ளவர்களுக்குப் பட்டை மாட்டும் கால்களின் உள்பக்கத்தில் முதலில் முலாம் போகும், தோலில் அரிப்பும் பச்சைக் கறையும் வரும். சிட்டிசனும் சீகோவும் எஃகு. கேசியோ பிளாஸ்டிக், அதற்கு வியர்வையே ஒரு பொருட்டில்லை. கட்டட வேலை, பட்டறை, வயல் என்றால் யோசிக்காமல் கேசியோ.

எச்.எம்.டி பைலட்

1961-இல் சிட்டிசனின் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டியின் வாட்ச் நிறுவனம், 2016-இல் மூடப்பட்டது. பைலட் 17 ஜுவல், கையால் சாவி கொடுக்கும் எந்திரம். காலையில் ஒரே நேரத்தில், குமிழ் இனி நகராது என்று விரலுக்குத் தெரியும்வரை திருக வேண்டும், அதற்குமேல் ஒரு சுற்றும் வேண்டாம். அதன் பிளாஸ்டிக் கண்ணாடியில் விழும் கீறலை வெள்ளைப் பற்பசையும் பருத்தித் துணியும் கொண்டு ஐந்து நிமிடம் தேய்த்தால் போக்கிவிடலாம். டைமெக்ஸ், சிட்டிசன், சீகோ மூன்றின் கனிமக் கண்ணாடியில் ஆழமான கீறல் விழுந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் தண்ணீருக்கு ஆகாது, வியர்வைக்கும் ஆகாது. இணையத்தில் பளபளவென்று புது நிறங்களில் விற்கும் பைலட்களில் பெரும்பாலானவை டயலை மறுபடி பெயிண்ட் அடித்து, நான்கு வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்தவை. எழுத்துகளின் ஓரம் தடித்திருக்கிறதா, நிமிடக் கோடுகள் டயலின் விளிம்போடு சரியாக முடிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். பின்மூடியைத் திறந்து எடுத்த படம் தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பட்டை

நம் ஊர் வியர்வையில் தோல் பட்டை நாற்றமடித்து வெடித்துவிடும். நைலான் பட்டை துவைத்துக் காயவைக்கலாம். சிட்டிசனுக்கு 18 மில்லிமீட்டர், டைமெக்ஸுக்கும் சீகோவுக்கும் 20. கேசியோவுக்கு அதற்கென்றே வார்த்த பிளாஸ்டிக் பட்டை. நீளமான ஒற்றை நைலான் பட்டை வாட்ச்சின் அடியில், பட்டையைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்பிரிங் பின்களுக்குள்ளும் நுழைந்து வருவதால், ஒரு பின் தெறித்தாலும் வாட்ச் மற்றொன்றில் தொங்கும், பஸ் படிக்கட்டில் விழாது. பட்டை மாற்றும்போதெல்லாம் பின்னின் முனைகளைப் பாருங்கள். துரு தெரிந்தாலோ, விரலால் அமுக்கினால் துள்ளி வராமல் திக்கினாலோ, இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.